பிளிமத் தரையில் ஒரு ஓட்டை

சாகினா, மிச்சிகன்
4 ஏப்ரல் 1999

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை வைத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்பது தடவை கூப்பிட்டேன். ஒன்பது தடவையும் மணி அடித்து ஓய்ந்தது. நீ வீட்டில்தான் இருந்திருப்பாய். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து போனை முறைத்துக்கொண்டிருந்திருப்பாய். கானிதான் சொன்னாள்: "அவங்க எடுக்க மாட்டாங்க. பேசாம லெட்டர் போடு. லெட்டர்ல நீ சொல்லவந்தத முழுசாச் சொல்லலாம், நடுவுல வெட்டிவிட ஆள் இருக்காது." என் பெண்டாட்டி எப்போதும் உன் கட்சி என்பது உனக்குத் தெரியும்தானே. அவள் பேச்சைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். அப்பாவின் பிளிமத் காரின் கியர் கேபிள் பிப்ரவரியில் அறுந்துவிட்டது. கியர் மாற்ற அழுத்துகிற பொத்தான் பெட்டியிலிருந்து கியர்பாக்ஸ் வரைக்கும் போகுமே, அது. முப்பத்தொன்பது வருஷத்துப் பழசு. பொத்தான் கியர் வைத்த கார்களை 1964-லேயே நிறுத்திவிட்டார்கள். கேபிளுக்கு நான் எங்கே போவது? இங்கே எங்கள் ஊர் காயலான் கடையில் 1973-ஆம் வருஷத்து வண்டி ஒன்றின் கியர்பாக்ஸ் பழுதில்லாமல் கிடந்தது. அதற்குப் பொத்தான் கிடையாது. தரையிலிருந்து எழும்புகிற கியர் ராடுதான். முன் சீட்டுக்கு முன்னால், நடு மேட்டில் ஒரு சாண் நீளத்துக்குத் தகட்டை வெட்டி, கீழே தாங்கு தகடு கொடுத்து வெல்டு வைத்தேன். இருபத்தாறு வருஷமாகச் சைலன்சர் குழாய் பற்றவைக்கிறவன், வேலை மோசமாக இருக்குமா? ராடு வளைந்து அழகாக நிற்கிறது. போட்டோ வைத்திருக்கிறேன்.

இன்னொன்றும் பார். பழைய பெட்டியில் வண்டியை நிறுத்திப் பூட்ட ஒரு பொத்தான் கிடையாது. அப்பா மேட்டில் நிறுத்தும்போதெல்லாம் டயருக்கு அடியில் கட்டை வைப்பார், ஞாபகம் இருக்கிறதா? "தம்பி, கட்ட"ன்னு சொன்னதும் நான் குதித்து ஓடுவேன். இந்தப் புதுப் பெட்டியில் ராடை முன்னால் தள்ளினால் போதும், வண்டி அசையாது. இதைச் சொன்னால் நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்துத்தான் போன் பண்ணினேன்.

வழக்கம்போல மே கடைசிச் சனிக்கிழமை, நமக்கு நடுவே இருக்கிற ஏரிப் பாலத்துக்கு வடகரையில், கறி அடைத்த ரொட்டி விற்கிற செயின்ட் இக்னஸ் பாஸ்டி கடை வாசலில் வண்டியோடு நிற்பேன். பனி உருக உப்புக் கொட்டுகிற குளிர்கால ரோடெல்லாம் முடிந்து ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் வண்டி உன்னுடையது. அப்பா உயிலில் எழுதிவைத்தது மாறவில்லை.

உன் தம்பி
ஆர்னி


நெகானி
11 ஏப்ரல் 1999

ஆர்னி,

இந்தக் கடிதத்தை நூலகத்து டைப்ரைட்டரில் அடிக்கிறேன். ஏன் கையால் எழுதவில்லை என்று கேட்காதே.

நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கியர் ராடு, இடப்பக்கம் உட்கார்கிற டிரைவருக்கு வலப்பக்கம் நிற்கிறது. எனக்கு வலப்பக்கம் என்ன இருக்கிறது, சொல். ஆறு வயதில் போலியோ வந்து போனபோது விட்டுவிட்டுப் போன ஒரு கை. ஒரு கரண்டி பிடிக்காது. நாற்பத்தேழு வருஷமாக என் மடியில் படுத்துத் தூங்குகிறது. இதையெல்லாம் உனக்கு நான் டைப் அடித்துச் சொல்லவேண்டியிருக்கிறது பார்.

இடக்கையை நீட்டிப் போடலாமே என்று எழுதாதே. என் சின்னக் காரில் கியர் ஸ்டியரிங்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதைக் குறுக்கே கை நீட்டிப் போட்டுக்கொள்வேன். நீ வைத்திருப்பது முழங்கால் உயரத்தில், நடுத்தரையில். பிடியில் ஒரு கொக்கி வேறு, அதை விரலால் நெரித்தால்தான் நகரும். நான் அதைப் போடவேண்டுமானால் தாடை ஸ்டியரிங்கில் முட்டக் குனிய வேண்டும். கண் ரோட்டைப் பார்க்காது, என் செருப்பைப் பார்க்கும்.

அந்தக் காரில்தான் பொத்தான்கள் ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் இருந்தன. ஐந்து பொத்தான். உலகத்திலேயே எனக்காகச் செய்த மாதிரி இருந்த ஒரே பொருள் அது. என்னை என் வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, கதவையும் வெல்டு வைத்து அடைத்துவிட்டாய்.

பாலத்துக்குத் தெற்கே இருப்பவர்களைப் பாலத்தடிப் பூதம் என்று சின்ன வயதில் கேலி செய்வோமே, அதில் நீயும் ஒன்றாகிவிட்டாய்.

பொத்தான்களைத் திரும்ப வை. இல்லாவிட்டால் மே 29 அன்று நான் வரமாட்டேன். அதற்குப் பிறகு எந்த மே மாதமும் வரமாட்டேன். வண்டியையும் தம்பியையும் சேர்த்தே தலைமுழுகிவிடுகிறேன்.

இர்யா


சாகினா
18 ஏப்ரல் 1999

அக்கா,

பூதம் எழுதுகிறேன்.

நீ கோபப்படுவாய் என்று தெரியும், இந்த அளவுக்கு என்று தெரியாது. கேபிள் இல்லை, அக்கா. இல்லாத பொருளை நான் வானத்திலிருந்தா இறக்குவது? பழைய கியர்பாக்ஸ் எண்ணெய் ஒழுகி என் பட்டறைத் தரையெல்லாம் கறை. வண்டி ஓடாமல் கொட்டகையில் கிடந்து துருப்பிடிப்பதைவிட, ஏதோ ஒரு வழியில் ஓடுகிறது என்பது பெரிய விஷயம் இல்லையா?

நீ என்னவோ அது உனக்காகவே செய்த கார் என்கிறாய். அப்பா அதை வாங்கியது பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி எழும்பி நிற்கிற இறக்கைக்காக. ஊரே அவரைக் கேலி பண்ணியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுரங்க வாசலில் அவர் வண்டியை நிறுத்தியதும் ஆட்கள் சூழ்ந்துகொண்டு, "வெய்கோ, இது காரா, மீனா? தண்ணில விட்டா நீந்துமா?" என்றார்கள். வாழ்நாள் முழுக்க ஃபோர்டு தவிர வேறு எதையும் தொடாத மனுஷன். "எனக்கு எறக்க புடிச்சுது, வாங்கினேன். ஒனக்கென்ன வலிக்குது?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நானும் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லி இரண்டு பேரோடு சண்டை போட்டேன். ஒரு பல் ஆடிப்போனது.

மே மாதம் வந்து ஒருமுறை ஓட்டிப் பார். பிடிக்கவில்லையென்றால் நானே கொண்டுவந்து விடுகிறேன், எங்கே போகவேண்டுமோ அங்கே கூட்டிப்போகிறேன். கோடை லீவு எடுத்துக்கொண்டு வரத் தயார். கானியும் சரி என்கிறாள். இதற்கு மேல் ஒரு தம்பி என்ன செய்வான்?

ஆர்னி


நெகானி
25 ஏப்ரல் 1999

ஆர்னி,

கூட்டிப்போகிறாயா. அந்த ஒரு வரியை நான்கு தடவை படித்தேன்.

உனக்கு ஒன்று சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா சொல்லக்கூடாது என்றோ சொல்லலாம் என்றோ சொன்னதில்லை. நான் பார்த்தது அவருக்கே தெரியாது.

1962 கோடையில் எஸ்கனாபாவுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அம்மாவுக்குத் துணி வாங்க என்று சொன்னார். பழைய கார் விற்கிற இடத்தில் நிறுத்தி, "நீ இங்கயே இரு, ஒரு ஆளப் பாத்துட்டு வந்துர்றேன்" என்று போனார். வெயில் தாங்காமல் நான் இறங்கி வேலி ஓரமாக நடந்தேன். வரிசையில் கடைசியில் இந்த பிளிமத் நின்றது. உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். வலக்கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தார். இடக்கையால் மட்டும் கதவைச் சாத்தினார், ஸ்டியரிங்கைத் திருப்பினார், ஒவ்வொரு பொத்தானாக அழுத்தினார். மேலிருந்து கீழ், திரும்பக் கீழிருந்து மேல். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தார், விட்டார். விற்கிறவன் வெளியே நின்று இந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டிருந்தான். சாவி மட்டும் வலப்பக்கம் இருந்தது. இடக்கையைக் குறுக்கே கொண்டுபோய் அதைத் திருகினார். ஒருமுறை வழுக்கியது. மறுபடி திருகினார். வண்டி ஸ்டார்ட் ஆனதும் சிரித்தார். அப்பா தனியாக இருக்கும்போது சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நான் ஓடிப்போய் ஃபோர்டில் உட்கார்ந்துகொண்டேன்.

அன்று ராத்திரி அம்மா கத்தினாள். கடன் வாங்கி இந்த மீனை ஏன் வாங்கவேண்டும், இவள் எங்கே போகப்போகிறாள், நாம் இருக்கிறோமே கூட்டிப்போக என்று. அப்பா மெதுவாகத்தான் பேசினார், சுவர் மெல்லியது. "ஹில்யா, இவளுக்கு ஒரு எடம் புடிக்கலேன்னா, யாரையும் கேக்காம எந்திரிச்சுக் கெளம்பத் தெரியணும். அதுக்கு மேல நம்மால ஒண்ணும் குடுக்க முடியாது."

அடுத்த பிப்ரவரியில் ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேல் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நீ பின் சீட்டில் இருந்தாய், வண்டி சறுக்கிச் சுற்றும்போதெல்லாம் "இன்னொரு தடவ, இன்னொரு தடவ" என்று கத்தினாய். லைசென்ஸ் அதிகாரி என் தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சொன்னார்: "வண்டி ஓடுறதப் பாருங்க சார், கையப் பாத்து என்ன பண்ணப்போறீங்க?"

இறக்கைக்காக வாங்கினார் என்று நீ அடிபட்டுப் பல்லை ஆட்டிக்கொண்டு வந்தபோது அவர் உன் தலையைத் தடவினாரே தவிர, உண்மையைச் சொல்லவில்லை. பத்துப்பேர் முன்னால் என் கையைப் பற்றிப் பேச அவருக்கு மனசு வரவில்லை. தன்னைப் பைத்தியக்காரன் என்று சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

நீ என்னைக் கூட்டிப்போகிறேன் என்கிறாய்.

இர்யா


சாகினா
2 மே 1999

அக்கா,

உன் கடிதத்தைப் பட்டறையில் படித்தேன். வண்டியின் பம்பர் மேல் உட்கார்ந்துதான் படித்தேன். படித்து முடித்ததும் கானியிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "இப்பவாவது எழுதிடு," என்றாள்.

கேபிள் அறுந்துவிட்டது என்று எழுதினேன். அறுந்தது இல்லை, அக்கா. நான்தான் அறுத்தேன்.

போன செப்டம்பரில், வண்டியை நீ திருப்பிக் கொடுக்க வந்த அன்று, நான் சீக்கிரமே வந்து பாஸ்டி கடைக்குள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். நீ வாசலுக்குள் திரும்பினாய். விரலால் ஸ்டியரிங்கைப் பிடிக்கவில்லை. முழங்கையை உள்ளே கொடுத்துச் சுற்றினாய். நிறுத்தும்போது விரல் முட்டியால் பொத்தானைக் குத்தினாய். நியூட்ரலுக்குப் பதில் அதற்கு மேலே இருக்கிற ரிவர்ஸ் விழுந்தது. வண்டி பின்னால் பாய்ந்தது. அங்கே ஒரு ஆள் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தான். நீ பிரேக்கை மிதித்தபோது பம்பருக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். நான் எழுந்தேன். என் காபி கவிழ்ந்தது.

நீ உள்ளே வந்து, "வண்டி ஜம்முனு ஓடுதுடா," என்றாய். நானும் "நல்லது"ன்னு சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து தின்றேன். உன் இடக்கை மேஜை மேல் இருந்தது, கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை வற்றிப்போயிருந்தது. நான் அதைப் பார்ப்பதை நீ பார்த்துவிட்டுக் கையைக் கீழே எடுத்துக்கொண்டாய்.

ஐந்து மாதம் யோசித்தேன். "அக்கா, இனி நீ ஓட்டாதே" என்று போனில் சொல்லப் பத்துத் தடவையாவது எடுத்திருப்பேன். வானிலை பேசிவிட்டு வைத்துவிடுவேன். ஒருநாள் சாயங்காலம் வண்டிக்கு அடியில் படுத்திருந்தபோது கேபிள் கண்ணில் பட்டது. கட்டரை எடுத்து வெட்டினேன். வெட்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் ராடு வைத்தேன். உன்னால் ஓட்ட முடியாது, அதற்கு வண்டிதான் காரணம், நான் இல்லை, இப்படி ஆகட்டும் என்று பார்த்தேன். கோழைத்தனம்தான். வேறு பெயர் அதற்கு இல்லை.

கிளம்புவதற்கு யாரையும் கேட்கக்கூடாது என்று அப்பா கொடுத்ததை நான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு நிமிஷத்தில் வெட்டிப்போட்டேன்.

ஆனால் அந்தக் குழந்தை என் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆர்னி


நெகானி
7 மே 1999

ஆர்னி,

அந்தக் குழந்தைக்கு நீலத் தொப்பி. கண்ணாடியில் பார்த்தேன். எனக்கும் அது கண்ணை விட்டுப் போகவில்லை. ஜம்மென்று ஓடுகிறது என்று சொன்னபோது என் கால் மேஜைக்கு அடியில் இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. நீ பார்த்தாய் என்று எனக்குத் தெரியாது. அக்கா தம்பி இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பொய்யைத் தின்றிருக்கிறோம்.

இப்போது நீ உண்மையைச் சொன்னதால் நானும் சொல்கிறேன். அக்டோபரில் மார்க்வெட் நகரத்து டாக்டரைப் பார்த்தேன். போலியோ வந்தவர்களுக்கு நாற்பது வருஷம் கழித்து நல்ல கையும் களைத்துப்போகுமாம். இரண்டு கை வேலையை ஒரே கை செய்துகொண்டிருந்ததற்குக் கூலி. விரல்தான் முதலில் போகும், தோள் கடைசியில் என்றார். "எத்தன நாள் இருக்கு?" என்று கேட்டேன். "ஒரு கோடையோ ரெண்டு கோடையோ. எழுதித் தர முடியாதும்மா," என்றார். பேனா பிடிக்கவில்லை, அதனால்தான் டைப் அடிக்கிறேன்.

நீ கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன். இல்லை, சொல்லியிருக்கமாட்டேன். சண்டை போட்டிருப்பேன், ஒரு வருஷம் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் அது நான் போடவேண்டிய சண்டை. கேபிளை வெட்டி அதையும் நீயே எனக்காக முடித்துவைத்துவிட்டாய்.

நீ நினைத்தது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை நீ செய்திருக்கக்கூடாது. வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டது நான், நிறுத்துவதும் நானாக இருக்கவேண்டும்.

எனக்கு இந்தக் கோடை வேண்டும். முழுசாக இல்லாவிட்டாலும், இருக்கிற வரைக்கும். கூட்டம் இருக்கிற இடத்துக்கு எடுத்துப் போகமாட்டேன். ரிவர்ஸே போடமாட்டேன், முன்னால் எடுத்துக் கிளம்ப இடம் இருந்தால்தான் நிறுத்துவேன். ஐந்து மைல் நடக்கவேண்டி வந்தாலும் சரி. ஸ்டியரிங்கில் ஒரு குமிழ் பொருத்து, உள்ளங்கையால் சுற்றிக்கொள்வேன். என் கை பொய் சொல்ல ஆரம்பித்தால் முதலில் தெரிவது எனக்குத்தான்.

இருபத்திரண்டு நாள் இருக்கிறது. உன்னால் முடியுமா, முடியாதா, அதை மட்டும் எழுது.

இர்யா


சாகினா
9 மே 1999

முடியும்.

ஆர்னி


சாகினா
23 மே 1999

அக்கா,

முடியும் என்று எழுதிப் போட்டுவிட்டு இரண்டு நாள் கேபிளைத் தேடி ஊரெல்லாம் போன் பண்ணினேன். வேலையைச் சொல்கிறேன், கேள்.

கேபிள் நெப்ராஸ்காவில் கிடைத்தது. பழைய பிளிமத்காரர்கள் சங்கத்துப் பத்திரிகையில் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்டேன். கிழவர் ஒருவர், கொட்டகை நிறையச் சாமான் வைத்திருக்கிறார். என்ன வருஷம், என்ன மாடல் என்று கேட்டுவிட்டு, "பழசு என்னாச்சு?" என்றார். "நான்தான் வெட்டினேன்," என்றேன். "குடிச்சிருந்தியா?" என்றார். "இல்ல." "அப்போ ஒனக்கு மன்னிப்பு கெடையாது," என்று சொல்லிவிட்டு அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

பழைய கியர்பாக்ஸைக் கடைக்குப் போடாமல் பெஞ்சுக்கு அடியிலேயே வைத்திருந்தேன். ஏன் போடவில்லை என்று இப்போதுதான் எனக்கே விளங்குகிறது. அதைக் கழற்றி, ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் புது சீல் போட்டு ஏற்றினேன்.

தரையை அடைப்பதுதான் பெரும்பாடு. சைலன்சர் குழாய் தடித்தது, ஒரே இழுப்பில் பற்றவைத்துப் பழகிய கை எனக்கு. இது மெல்லிய தகடு. இழுத்துப் பற்றவைத்தால் அப்பளம்போல் நெளிந்துவிடும். அதே கனத்துக்கு இன்னொரு பழைய வண்டியின் கதவிலிருந்து ஒரு துண்டு வெட்டி எடுத்து, ஓட்டைக்குப் பொருந்த ராவிவிட்டு, புள்ளி புள்ளியாக வைத்தேன். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, அப்புறம் எதிர்ப்பக்கம். தொட்டுப் பார்த்து ஆறினபிறகுதான் அடுத்தது. மொத்தம் நூற்றுப்பத்து. நடுவில் ஒரு பொறி போய்ப் பின்சீட்டுக் கம்பளத்தில் விழுந்து புகைந்தது. கானி காபிப் பாத்திரத்தோடு வந்தவள் அப்படியே ஊற்றிவிட்டாள். வண்டிக்குள் இப்போது காபி வாசனை. அம்மா மீன்பிடிக்கப் போகும்போது பின்சீட்டில் ஃபிளாஸ்க்கைத் திறப்பாளே, அந்த வாசனைதான். நான் கொஞ்ச நேரம் வேலை பார்க்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்.

ஸ்டியரிங்கில் குமிழ் வைத்திருக்கிறேன். நீ கேட்காத ஒன்றும் செய்திருக்கிறேன். ரிவர்ஸ் பொத்தானைச் சுற்றி அரை விரல் உயரத்துக்குப் பித்தளையில் ஒரு சின்ன வேலி. முட்டி வழுக்கினாலும் அதன் மேல் விழாது. வேண்டாமென்றால் சொல், ஒரு ஸ்க்ரூவைக் கழற்றினால் வந்துவிடும். இந்தமுறை கேட்கிறேன், பார்த்தாயா.

எனக்குப் பயம் போகவில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு நிற்பேன்.

ஆர்னி


நெகானி
25 மே 1999

ஆர்னி,

வேலி இருக்கட்டும்.

பஸ்ஸில் வருகிறேன். வண்டியில் தனியாகத் திரும்புவேன். நீ பின்னால் தொடர்ந்து வரக்கூடாது. கானியை அனுப்பி வேவு பார்க்கவும் கூடாது.

இர்யா


சாகினா
1 ஜூன் 1999

அக்கா,

நீ போன் எடுக்காததால் மறுபடி எழுதுகிறேன். பாஸ்டி கடையில் உனக்கு எதிரே உட்கார்ந்து என்னென்னவோ பேச நினைத்தேன். நீ சாவியை வாங்கிக்கொண்டு, உட்காராமலே போய்விட்டாய். பொத்தான் உள்ளே போன அந்தச் சத்தம் வாசல்வரை கேட்டது. வண்டி நேராக, மெதுவாக, அழகாகப் போனது. இறக்கை இரண்டும் ஏரிப் பக்கம் திரும்பி மறைகிறவரை நின்றேன். அப்புறம் எங்கள் காரின் கதவைத் திறந்தேன். கானி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாக்கு குடுத்திருக்க. உக்காரு, காபி குடி," என்றாள். குடித்தேன். மூன்று கப். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமான காபி குடித்ததில்லை.

சேர்ந்துவிட்டாயா என்று ஒரு வரி எழுதேன்.

ஆர்னி


நெகானி
20 ஜூன் 1999

அன்புள்ள தம்பிக்கு,

ஒரு வரி கேட்டாய், இருபது நாள் கழித்து ஒரு முழுக் கடிதம் வருகிறது. அடிக்க நேரமாகிறது, பொறுத்துக்கொள்.

சேர்ந்தேன். மூன்று மணி நேர வழி, எனக்கு ஏழு மணி நேரமாயிற்று. நாற்பது மைலுக்கு ஒருதரம் ஏரிக்கரையில் நிறுத்தி, கை திரும்ப என்னுடையது ஆகும்வரை அலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு போலீஸ்காரர் வந்து, "ஏதாச்சும் ஒதவி வேணுமா மேடம்?" என்றார். "வேணாம், எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கு," என்றேன். அவருக்கும் இறக்கை பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்கெல்லாம் போனேன் தெரியுமா. மூடிப்போன சுரங்க வாசலுக்குப் போனேன். அப்பா கற்றுக்கொடுத்த ஏரிக்குப் போனேன், இப்போது தண்ணீர், சின்னப் பிள்ளைகள் குளிக்கிறார்கள், அதனால் தூரத்திலேயே நிறுத்திவிட்டேன். நூலகத்துக்குப் போனேன். ஒருநாள் விடியற்காலையில் காரணமே இல்லாமல் எழுந்து கிளம்பி, எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாமல் ஐம்பது மைல் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. திரும்பி வந்து முட்டை வறுத்துத் தின்றேன். இதற்காகத்தான் உன்னோடு அவ்வளவு சண்டை போட்டேன், ஆர்னி. இப்படி ஒரு காலை நேரத்துக்காக.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டுப் பாதையில் நின்றேன். கிளம்பலாம் என்று முட்டியைப் பொத்தானில் வைத்தேன். அழுத்து என்று சொன்னேன். கை அழுத்தவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தடவை சொன்னேன். அப்புறம் அழுதேன், நிறையவே. பக்கத்தில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதேன். ஒரு மணி நேரம் கழித்து, தோளைக் கொடுத்துச் சாய்ந்து உள்ளங்கை அடியால் தள்ளினேன், பொத்தான் விழுந்தது. நடக்கிற வேகத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எதிரே ஒருவரும் வரவில்லை, நல்லவேளை. கொட்டகையில் விட்டு, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இறங்கினேன். நானே இறங்கினேன்.

சாவியைச் சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறேன். இனி எடுக்கமாட்டேன்.

நேற்று கொட்டகையில் போய், டிரைவர் பக்கம் உட்கார மனசில்லாமல் வலப்பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். வண்டியில் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனை வருஷம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடக்கை தானாகப் போய் நடு மேட்டில் விழுந்தது. கம்பளத்துக்கு அடியில் உன் நூற்றுப்பத்து புள்ளிகளும் கைக்குத் தட்டுப்பட்டன. சரியாக அந்த இடத்தில்தான். கை அங்கே இருந்தபோது ஒன்று தோன்றியது. விரல் போய்விட்டது, தோள் இருக்கிறது. முன்னால் தள்ளவும் பின்னால் இழுக்கவும் தோள் போதும். ராடு அங்கே நின்றால், அது டிரைவரின் வலக்கைக்கு எவ்வளவு பக்கமோ, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் இடக்கைக்கும் அவ்வளவு பக்கம்.

அதனால் அந்த '73 கியர்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு, உன் கோடை லீவையும் எடுத்துக்கொண்டு இங்கே வா. கொக்கி இல்லாத பிடியாகச் செய், உள்ளங்கை அகலத்துக்கு. ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் நீ பார்த்துக்கொள், கியரை நான் போடுகிறேன். எப்போது கிளம்புவது, எங்கே போவது என்பதை நான்தான் சொல்வேன், நீ வாயைத் திறக்கக்கூடாது. கானி பின்சீட்டில் வரட்டும்.

மறுபடி முதலிலிருந்தா என்று நீ திட்டுவது இங்கே கேட்கிறது. திட்டிக்கொள். போனதடவை நீ என்னைக் கேட்கவில்லை. இந்தத் தடவை நானே சொல்கிறேன், வெட்டு.

உன் அக்கா
இர்யா